சிரித்து நிற்கும் மூன்றாமவர்

இலங்கைத் தமிழில் 'பகிடிவதை' என்றொரு சொல் உண்டு. தமிழ்நாட்டு அன்பர்களுக்கு இது சற்றுப் புதிதாக இருக்கலாம். அவர்கள் 'ராகிங்' என்றே எழுதியும் பேசியும் பழகிவிட்டார்கள். பகிடி என்றால் கேலி, வேடிக்கை. வதை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இவ்விரண்டையும் ஒட்டி ஒரு சொல்லாக்கியவர் மிகுந்த கூர்மை உடையவராக இருந்திருக்க வேண்டும். செய்கிறவனுக்குப் பகிடியாக இருக்கும் அதே செயல், அதே கணத்தில், படுகிறவனுக்கு வதையாக இருக்கிறது என்ற உண்மையை ஐந்தே எழுத்துக்களில் அவர் அடக்கிவிட்டார். 'பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்' என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்ததும் இதைத்தான்.

ஆயினும் அச்சொல்லுக்குள் ஒருவர் இடம்பெறவில்லை. பகிடி செய்கிறவர் இருக்கிறார், வதைபடுகிறவர் இருக்கிறார். சுற்றி நின்று பார்த்துச் சிரிக்கிறவர் இல்லை. இன்று நான் எழுத விரும்புவது அந்த மூன்றாமவரைப் பற்றி.

பகிடிவதை என்பதை நாம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். பாடசாலையில், ஆறாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகள் நாள்தோறும் வாட்டி வதைப்பதற்கு நம்மிடம் நிலைபெற்ற ஒரு பெயர் இல்லை. சேட்டை என்கிறோம், சீண்டல் என்கிறோம், வம்பு என்கிறோம், 'சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு' என்கிறோம். பெயரில்லாத நோயை வைத்தியரிடம் எப்படிச் சொல்வது? பிள்ளைக்கும் சொல்லத் தெரிவதில்லை, பெற்றோருக்கும் கேட்கத் தெரிவதில்லை.

நோர்வே நாட்டு உளவியலாளர் டான் ஒல்வியூஸ் 1970களில் இதனை முறையாக ஆராயத் தொடங்கினார். 1982இன் இறுதியில் அந்நாட்டில் மூன்று சிறுவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டதும், சக மாணவர்களின் கொடுமையே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பது வெளிவந்ததும், நாடு தழுவிய இயக்கமே அங்கு தொடங்கியது. அவர் வகுத்த இலக்கணம் எளிமையானது. துன்புறுத்தும் நோக்கம் இருக்க வேண்டும்; அது திரும்பத் திரும்ப நிகழ வேண்டும்; இருவருக்குமிடையில் பலத்தில் ஏற்றத்தாழ்வு இருக்க வேண்டும். சம பலமுள்ள இருவர் ஒருநாள் கட்டிப் புரண்டால் அது சண்டை. ஒருவன் எப்போதும் அடிப்பவனாகவும் மற்றவன் எப்போதும் குனிபவனாகவும் இருந்தால் அது வேறு. பலம் என்பது உடற்பலம் மட்டுமன்று. பணம், சாதி, மொழி, தந்தையின் உத்தியோகம், வாழும் இடம் ஆகிய எல்லாமே பலம்தான்.

வாழும் இடம் என்று சொன்னேன் அல்லவா? அங்கிருந்துதான் மலையகத்திற்கு வரவேண்டும்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் காலை ஏழு மணிக்குப் பாடசாலை வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தோட்டத்து லயங்களிலிருந்து பிள்ளைகள் இறங்கி வருவார்கள். மழைக்காலமென்றால் தேயிலைச் செடிகளுக்கிடையிலான குறுக்குப் பாதையில் நடந்து, முழங்கால்வரை நனைந்து, சப்பாத்தில் செம்மண் அப்பி, காலில் அட்டை கடித்த இரத்தத்தோடு வருவார்கள். நகரத்துக் கடைக்காரரின் பிள்ளையும் உத்தியோகத்தரின் பிள்ளையும் முச்சக்கர வண்டியில் வந்து இறங்குவார்கள். இருவரும் ஒரே வாங்கில் அமர்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு சொல் வந்து விழும் வரையில். 'தோட்டத்தான்.' 'தோட்டக்காட்டான்.' 'லயத்துப் பெட்டை.' அடுத்து மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஒரு பாவனை. அதற்கடுத்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு வகுப்பு முழுவதும் பரவும்.

இந்தச் சொற்களைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கவில்லை. அவர்களுக்கு நாம் கொடுத்தவை அவை. தோட்டம் என்பது ஏணிப்படி போலக் கட்டப்பட்ட உலகம். உச்சியில் துரை, அவருக்குக் கீழே சின்னத்துரை, பிறகு கண்டக்டர் ஐயா, கணக்கப்பிள்ளை, கங்காணி, கடைசியில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிய பெண். மேற்படியில் நிற்பவர் கீழ்ப்படியில் நிற்பவரை ஏசுவதும், அவர் தமக்குக் கீழே உள்ளவரை ஏசுவதும் அங்கே நிர்வாகம் என்ற பெயரில் நடந்தது. துரை வரும் பாதையில் குடையை மடக்கி, தலைத்துண்டை அவிழ்த்து, ஒதுங்கி நிற்க வேண்டியிருந்த காலம் ஒன்றிருந்தது. ஒரு நாள் வேலையைப் பதிவு செய்வதற்குத் தோட்டத்துப் பேச்சில் 'பேர் போடுதல்' என்று பெயர். குறித்த அளவு கொழுந்து எடுக்காவிட்டால் 'அரைப்பேர்'. கூலியில் பாதி என்பதுதான் இதன் பொருள். ஆனாலும் பெரட்டுக் களத்தில் மற்றவர்கள் பார்க்க, 'உனக்கு இன்றைக்கு அரைப்பேர்' என்று சொல்லப்படும்போது, அந்த மனுஷிக்கு அது கூலிக் கணக்காக மட்டும் கேட்டிருக்குமா? பாதிப் பெயருக்கு உரிய பாதி மனிதர் என்றல்லவா கேட்டிருக்கும்!

அரசும் தன் பங்கைச் செய்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் பிரச்சினைக்குச் சட்டம் முடிவு கட்ட 2003 வரை செல்ல வேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! 'கள்ளத்தோணி' என்ற வசவு தெருவில் சாதாரணமாகப் புழங்கிய ஆண்டுகள் அவை. வடக்கிலும் கிழக்கிலும் கொழும்பிலும் வாழ்ந்த தமிழர்களாகிய நாமும் இதில் கைசுத்தம் உடையவர்கள் அல்லர். 'தோட்டக்காட்டான்', 'வடக்கத்தியான்' என்ற சொற்களைச் சிங்களவரா கண்டுபிடித்தார்கள்? அவை நம் தமிழ்ச் சொற்கள், நம் வீட்டு முற்றங்களில் வளர்ந்த சொற்கள். வீட்டில் பெரியவர் சொல்கிறார், பிள்ளை வகுப்பில் சொல்கிறது. நாடே ஒரு மக்களைப் பெயர் சொல்லி இகழ்ந்தபோது, பத்து வயதுப் பிள்ளை மட்டும் இகழாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

நிற்க.

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கட்டுரைக்காக ஹட்டன் பகுதித் தோட்டங்களில் சில நாட்கள் சுற்றினேன். பாடசாலையிலிருந்து இடைவிலகும் பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை அது. வறுமை, தூரம், ஆசிரியர் பற்றாக்குறை என்று வழக்கமான காரணங்களை எழுதிக்கொண்டு போனேன். ஒரு லயத்தில், ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பெண்பிள்ளையின் தாயாரோடு பேசினேன். படிப்புக்குச் செலவு செய்ய முடியவில்லையா என்று கேட்டேன். "காசுக்கு எப்படியோ பொரட்டிக் குடுத்தோம் ஐயா. புள்ளதான் போகமாட்டேன்னிருச்சு. அங்க எல்லாரும் அதுக்கு ஒரு பேரு வச்சுக் கூப்பிடுறாங்களாம்" என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "நான் என்னத்தச் சொல்றது? நம்மள அப்படித்தான் பேசுவாங்க, பொறுத்துக்கிட்டுப் போன்னு சொன்னேன்" என்றார்.

அந்தப் பிள்ளைக்கு வைத்திருந்த பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இன்னொருவர் சிரிப்பார். ஆனால் அவள் சொன்ன ஒரு விடயத்தை எழுதியாக வேண்டும். பெயர் வைத்தவளைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை. "எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சரும் சிரிச்சாங்க" என்றாள். பெயர் வைத்தவள் ஒருத்தி. சிரித்தவர்கள் முப்பது பேர். பாடசாலையிலிருந்து அவளை வெளியேற்றியது அந்த முப்பது பேரின் சிரிப்பு.

'பொறுத்துக்கொண்டு போ' என்ற அறிவுரையை அந்தத் தாய் எங்கிருந்து கற்றார் என்று யோசித்துப் பார்த்தால் அவர்மீது கோபம் வராது. தோட்டத்தில் எதிர்த்துப் பேசியவருக்கு வேலை போயிற்று; வேலை போனால் லயத்து அறையும் போயிற்று. 'துண்டு' முறை இருந்த காலத்தில் கடன் தீர்ந்தது என்ற துண்டுச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை தேடவும் முடியாது. அம்முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. பொறுமை என்பது அந்த மக்களுக்கு உயிர் பிழைக்கும் உபாயமாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக அதுவே கைமாறி வந்து, இன்று வகுப்பறையில் அவமானப்படும் பேத்திக்கும் அதையே மருந்தாகக் கொடுக்கிறோம். பாட்டியைக் காத்த மருந்து பேத்தியைக் காப்பதில்லை என்பதே நான் சொல்ல வருவது.

மலையக வரலாற்றையே கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். பொறுத்துக்கொண்டு இருந்ததால் அங்கே எது மாறியது? மாறிய ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மூன்றாமவர் வாய் திறந்திருக்கிறார்.

கோ. நடேசய்யரை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர்க்காரர், என் தொழிலைச் சேர்ந்த பத்திரிகையாளர். வெளியார் தோட்டத்திற்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று துரத்தப்பட்ட காலத்தில், துணி வியாபாரியின் வேடத்தில் லயங்களுக்குள் நுழைந்து தொழிலாளர் படும் பாட்டைத் தம் கண்ணால் கண்டார். அவர் கண்டதோடு நிற்கவில்லை, எழுதினார். 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகள் அதற்கு மேடையாயின. 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை அமைத்தார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். வெளியார் வரக்கூடாது என்று தோட்ட நிர்வாகங்கள் ஏன் அத்தனை பிடிவாதமாக இருந்தன என்பதை இவ்விடத்தில் யோசிக்க வேண்டும். சாட்சி இல்லாத இடத்தில்தான் கொடுமை வசதியாகக் குடியிருக்க முடியும்.

அடுத்தவர் மார்க் அந்தனி பிரேஸ்கேடில். இவர் வெள்ளைக்காரர். அவுஸ்திரேலியாவிலிருந்து 1936இல் இலங்கை வந்து, மடுல்கலைப் பகுதியில் உள்ள ரெலுகாஸ் தோட்டத்தில் துரைத்தனம் பழகச் சேர்ந்த இளைஞர். இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. ஏணியின் மேற்படியில் நிற்கப் பிறந்தவர்; கீழ்ப்படியில் உள்ளவர்களை ஏசக் கற்றுக்கொள்வதே அவருக்குரிய பயிற்சி. அவர் கற்க மறுத்தார். தொழிலாளர் பக்கம் சாய்ந்ததற்காக வேலை போயிற்று. லங்கா சமசமாஜக் கட்சியோடு சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில், துரைமார் தொழிலாளருக்கு இழைக்கும் அநீதிகளைக் கண்டித்துப் பேசினார். துரைமார் இதைத் தாங்கிக்கொள்வார்களா? தேசாதிபதி சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். ஏப்ரல் 22ஆம் திகதி உத்தரவு கையளிக்கப்பட்டது. அவர் தலைமறைவானார். மே 5ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் நடந்த பெருங்கூட்டத்தில் மேடையேறி நாட்டையே வியக்க வைத்தார். மே 18ஆம் திகதி உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

ஒரு பயிற்சித் துரையின் பேச்சுக்குத் தேசாதிபதி ஏன் இப்படி அஞ்சினார்? தொழிலாளி முறையிட்டால் 'அவனுக்கு எப்போதும் இதே புலம்பல்தான்' என்று ஒதுக்கிவிடலாம். தம்மிடையே நின்ற ஒருவன் 'நான் பார்த்தேன், இது அநியாயம்' என்று சொல்லும்போது ஒதுக்க முடியாது. வகுப்பறையிலும் இதே கணக்குத்தான். வதைபடும் பிள்ளை அழுதால் சிரிப்பு கூடும். சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, 'இதிலே சிரிக்க என்ன இருக்கு?' என்று கேட்டால் சிரிப்பு அடங்கும்.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. கனடாவின் டொரன்டோ நகரப் பாடசாலைகளில், விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் நடந்துகொள்ளும் விதத்தை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். ஹோக்கின்ஸ், பெப்ளர், கிரெய்க் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட முடிவுகள் இவை. கொடுமை நடந்த சந்தர்ப்பங்களில் நூற்றுக்கு 88இல் மற்றப் பிள்ளைகள் அருகில் இருந்தார்கள். நூற்றுக்கு 19இல் மட்டுமே யாரேனும் ஒரு பிள்ளை தலையிட்டது. அப்படித் தலையிட்டவற்றில் நூற்றுக்கு 57இல், பத்தே வினாடிகளுக்குள் கொடுமை நின்றுவிட்டது. டொரன்டோவிலிருந்து இதை வாசிக்கும் ஈழத்து அன்பர்கள் தங்கள் பிள்ளைகள் படிக்கும் நகரம்தானே என்று நினைத்துக்கொள்ளலாம். அங்கும் நம் பிள்ளைகள் நிறத்திற்காகவும் உச்சரிப்புக்காகவும் மதிய உணவின் வாசத்திற்காகவும் பெயர் வைத்து அழைக்கப்பட்டிருக்கிறார்கள். ஹட்டனில் கொழுந்து வாசம் என்று மூக்கைப் பொத்துவதற்கும் டொரன்டோவில் கறி வாசம் என்று மூக்கைப் பொத்துவதற்கும் அதிக தூரமில்லை.

பத்து வினாடிகளில் நிறுத்தக்கூடிய ஒன்றை நிறுத்தாமல் விட்டால் அது எங்கே போய் முடியும் என்பதற்குப் பேராதனை சாட்சி. மலையகத்தின் வாசலில், மகாவலிக் கரையில் அமைந்த அழகிய பல்கலைக்கழகம் அது. 1975இல் விவசாய பீட மாணவி ரூபா ரத்னசீலி பகிடிவதைக்குத் தப்ப இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து குதித்தார். உயிர் தப்பியது, உடல் முடங்கியது. 2002இல் மறைந்தார். 1997 ஒக்டோபரில் பொறியியல் பீடத் தமிழ் மாணவர் வரப்பிரகாஷ், மூத்த மாணவர்கள் பலவந்தமாகச் செய்வித்த கடும் உடற்பயிற்சிகளின் விளைவாகச் சிறுநீரகங்கள் செயலிழந்து உயிரிழந்தார். அடுத்த ஆண்டு, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு ஆண்டுகள் வரையிலும், பாரதூரமான காயம் அல்லது பாலியல் துன்புறுத்தல் நேர்ந்தால் பத்து ஆண்டுகள் வரையிலும் கடூழியச் சிறை என்று அது விதித்தது. கடுமையான சட்டம்தான். இருந்தும் பகிடிவதை ஒழிந்துவிட்டது என்று யாரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியாது. சட்டத்திற்குச் சாட்சி வேண்டும். சாட்சி சொல்ல வேண்டியவர் சுற்றி நின்று பார்த்தவர். அவரோ 'நமக்கேன் வம்பு' என்று விடுதி அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஆறாம் வகுப்பில் சிரித்துப் பழகியவர்தான் பல்கலைக்கழகத்தில் கதவைச் சாத்துகிறார்.

இதற்கு மறுப்புச் சொல்கிறவர்கள் உண்டு. 'நாங்களும் இதையெல்லாம் அனுபவித்துத்தான் வந்தோம், அதனால்தான் உறுதியானோம்' என்பார்கள். என் வயதுக்காரர்கள் பலர் இதைப் பெருமையாகவே சொல்வார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. உறுதியாகி மேலே வந்த உங்களை நான் பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு லயத்திற்குத் திரும்பிப் போனவரை நீங்கள் பார்த்தீர்களா? தப்பிப் பிழைத்தவரின் வாய்மொழியை மட்டும் கேட்டு வெள்ளத்தின் ஆழத்தை அளக்கக் கூடாது.

இன்னொரு வாதம், கொடுமை செய்யும் பிள்ளையும் எங்கோ அடிபட்ட பிள்ளைதான் என்பது. பல வேளைகளில் இது உண்மை. குடித்துவிட்டு வரும் தகப்பனிடம் இரவில் அடிவாங்கியவன் காலையில் தன்னைவிடச் சிறியவனைத் தேடுகிறான். அந்தப் பிள்ளைக்கும் உதவி வேண்டும், ஐயமில்லை. ஆனால் காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காக அடுத்த பிள்ளையை அவன் கையில் விட்டுவைக்க முடியாது. முதலில் அடியை நிறுத்துவோம், பிறகு காரணத்தை ஆராய்வோம்.

சரி, எப்படிக் கண்டுகொள்வது? என்ன செய்வது? பல ஆண்டுகள் ஆசிரியர்களோடும் பெற்றோரோடும் பேசியதிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

பிள்ளை நேரடியாகச் சொல்லாது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வயிற்றுவலி வரும். வழக்கமான பாதையை விட்டுச் சுற்றுப் பாதையில் வீடு திரும்பும். கொப்பி கிழிந்திருக்கும், கேட்டால் விழுந்துவிட்டதென்று சொல்லும். சாப்பாட்டுப் பெட்டி அப்படியே திரும்பி வரும், அல்லது பிள்ளை பசியோடு வரும். கைத்தொலைபேசி ஒலிக்கும்போது முகம் வெளிறும். இந்தக் கடைசி அடையாளம் முன்பு இல்லாதது. முன்பெல்லாம் பாடசாலை மணி அடித்தால் வதையும் முடியும். இன்று வட்ஸ்அப் குழுவில் அது லயத்து அறைக்குள்ளும் கூடவே வருகிறது. அங்கும் பார்த்துச் சிரித்து அடுத்தவருக்கு அனுப்பும் மூன்றாமவர்களே அதிகம்.

இவற்றைக் கண்டால் 'என்ன நடந்தது, சொல்!' என்று அதட்ட வேண்டாம். 'இடைவேளையில் யாரோடு இருப்பாய்?' என்று கேளுங்கள். 'யாரோடும் இல்லை' என்ற பதில் வந்தால் அதுவே பாதி விடை. பிறகு 'பொறுத்துக்கொள்' என்றோ 'நீயும் திருப்பி அடி' என்றோ சொல்லாதீர்கள். முதலாவது பிள்ளையைத் தனியாக விடுகிறது. இரண்டாவது, பலம் குறைந்த பிள்ளையிடம் இல்லாத பலத்தைக் கேட்கிறது. 'நீ சொன்னது நல்லது, இது உன் பிழையில்லை, நாம் சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்லுங்கள். என்ன நடந்தது, என்றைக்கு, எங்கே, யார் பார்த்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோராயின் பக்கத்து லயத்துப் படித்த பிள்ளையிடம் கொடுத்து எழுதுவியுங்கள். கைத்தொலைபேசிச் செய்திகளை அழிக்காதீர்கள். வகுப்பாசிரியர், அதிபர், வலயக் கல்விப் பணிமனை என்று படிப்படியாகச் செல்லுங்கள். எழுத்தில் வந்த முறைப்பாட்டை மேசை லாச்சிக்குள் தள்ளுவது வாய்ப்பேச்சை மறப்பதைவிடக் கடினம். பாரதூரமாயின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது; 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

அதிபர்மாருக்கு ஒரு விண்ணப்பம். இருவரையும் அறைக்கு அழைத்து, 'கைகுலுக்கிக்கொண்டு போங்கள்' என்று அனுப்பும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். சண்டைக்கு அது பொருந்தும். வதைத்தவனின் கையை வதைபட்டவன் குலுக்க வேண்டும் என்பது இன்னொரு அவமானம். அறைக்கு வெளியே வந்ததும் அதற்கான தண்டனையும் அவனுக்குக் காத்திருக்கும். இருவரோடும் தனித்தனியாகப் பேசுங்கள். அதற்குமேல், சிரித்த முப்பது பேரோடு பேசுங்கள். பின்லாந்து நாட்டில் 2006இல் உருவாக்கத் தொடங்கிய 'கிவா' என்ற பாடசாலைத் திட்டம் பார்வையாளராக நிற்கும் பிள்ளைகளையே தன் முதன்மை இலக்காகக் கொண்டது என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களுக்குச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அவர்களில் பலர் மலையகத்தின் விளக்குகள். ஆனாலும் சொல்லியாக வேண்டும். கணக்குப் பிழைத்த பிள்ளையைப் பார்த்து, 'நீ கொழுந்து பறிக்கத்தான் லாயக்கு' என்று கூறும் ஆசிரியர் இன்றும் இருக்கிறார். அந்தப் பிள்ளையின் தாய் பறித்த கொழுந்துதான் இந்த நாட்டிற்கு அந்நியச் செலாவணி தேடித் தந்தது என்பதை அவர் மறந்துவிடுகிறார். உடல் தண்டனையைத் தடை செய்து 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையைக் கல்வி அமைச்சு வெளியிட்டது. 2021 பெப்ரவரியில், ஆசிரியரின் அறையால் கேட்கும் சக்தியை இழந்த ஒரு மாணவனின் வழக்கில், அவனது அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரம்பைப் பிடுங்கலாம், நாவைப் பிடுங்க முடியாது. ஆசிரியர் இகழ்ந்தால் அது வகுப்புக்கு வழங்கப்பட்ட அனுமதிப் பத்திரம். ஆசிரியர் சிரிக்க மறுத்தால் அன்றைக்கே பாதிச் சிரிப்பு நின்றுவிடும்.

இறுதியாகப் பிள்ளைகளுக்கு. வீரனாக வேண்டியதில்லை, சண்டை பிடிக்க வேண்டியதில்லை. மூன்று காரியங்கள் போதும். சிரிக்காதே. தனியாக இருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்கார். நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல். அது கோள் மூட்டுவதாகாது. ஒருவனை மாட்டிவிடுவதற்காகச் சொல்வது கோள், ஒருவனைக் காப்பாற்றுவதற்காகச் சொல்வது சாட்சி.

2023இல், மலையகத் தமிழர் இந்நாட்டிற்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28ஆம் திகதி புறப்பட்டவர்கள் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். முன்னோர் விழுந்து மடிந்த பாதையில் அவர்கள் நடந்தார்கள். அவர்களோடு தோட்டத்தைக் கண்டிராதவர்களும் நடந்தார்கள். வழியில் வெவ்வேறு இனத்தவரும் மதத்தவரும் நீர் கொடுத்து வரவேற்றார்கள். 'மலையகம்' என்ற பெயர் அந்த மக்கள் தாமே தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர். வேறெவரோ வைத்த இழிபெயர்களுக்கெல்லாம் அவர்கள் கொடுத்த மறுமொழி அது.

ஒரு சமூகமே தன் பெயரை மீட்டுக்கொள்ள இரு நூற்றாண்டுகள் ஆகியிருக்கின்றன. ஒரு பிள்ளைக்கு அத்தனை அவகாசம் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு தவணைக்குள் அதன் தலைவிதி தீர்மானமாகிவிடும். ஆகவே இதை வாசித்து முடித்ததும், வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'உன்னை யாராவது கேலி செய்கிறார்களா?' என்று எல்லோரும் கேட்கிறோம். இன்று கொஞ்சம் மாற்றி, 'உன் வகுப்பில் எல்லோரும் கேலி செய்யும் பிள்ளை யார்? அவனுடைய உண்மையான பெயர் என்ன?' என்று கேளுங்கள். பெயர் உடனே வந்தால் மகிழ்ச்சி. பட்டப்பெயர்தான் முதலில் வருமானால், நாளைக் காலை அந்தப் பிள்ளையை அதன் சொந்தப் பெயரால் அழைக்கச் சொல்லி அனுப்புங்கள்.